முதலில் ரீல், பிறகு சைரன்

சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு எங்கள் செயலாளர் வீட்டுக்கு வந்திருந்தார். எலெக்ட்ரீஷியன்கள் சங்கம்தான். ஆனால் மலர் போடுவதில் மட்டும் எங்களுக்குப் பெரிய பத்திரிகைக்காரர்கள் என்ற நினைப்பு. அட்டையில் குத்துவிளக்கு, உள்ளே வாழ்த்துரைகள், கடைசியில் யாராவது ஓய்வு பெற்றவரின் அனுபவம். இந்த வருடம் அந்தக் கடைசிப் பக்கம் எனக்கு.

“பழைய கதையெல்லாம் வேண்டாமுங்கண்ணா. அத எல்லாருமே எழுதிப்போட்டாங்க. மைக்ரோகன்ட்ரோலர், ரிலே மாட்யூல் இதப்பத்தி எழுதுங்க. புதுசா வர்றவங்க அதத்தான் கேக்கறாங்க” என்றார்.

சரி என்றேன். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. மலரில் போடத் தக்க அனுபவமா என்பதைச் செயலாளரே படித்துவிட்டு முடிவு செய்துகொள்ளட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோகன்ட்ரோலர் என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய போர்டு. நாம் எழுதிக் கொடுக்கிற புரோகிராமை வரி வரியாகப் படித்துச் செய்யும். அதன் காலில், அதாவது ஒயர் மாட்டுகிற முனையில், வருவது வெறும் ஐந்து வோல்ட். ஒரு பொட்டு விளக்கை எரிக்கலாம், மோட்டாரை ஓட்ட முடியாது. அதற்காக நடுவில் வைக்கிற நீல நிறக் கட்டிதான் ரிலே. போர்டு சொன்னால் டக்கென்று இணைப்பைப் பிடிக்கும், சொன்னால் விடும். பெரிய மோட்டார் என்றால் அந்த ரிலேவும் நேராகத் தாங்காது. அது கான்டாக்டர் என்கிற பெரிய சுவிட்சை எழுப்பும், கான்டாக்டர் மோட்டாரை எழுப்பும். சர்க்கார் ஆபீசில் மனு மேலே போகிற அதே வழிதான். இங்கே கண் இமைப்பதற்குள் போய்விடும், அவ்வளவே வித்தியாசம்.

நான் ஐ.டி.ஐ. முடித்து, ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் வந்து, திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் ஏணி பிடித்தேன், ஒயர் உரித்தேன், எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது எங்கள் போர்மேன் ரங்கசாமியைப் பற்றி.

பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்துக்காரர். அந்த ஊர்க்காரர் என்பதற்கு அத்தாட்சியாக, பளபளவென்று தேய்த்த பித்தளைத் தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மற்றவர்களுக்குக் கோபம் ஏறினால் மரியாதை இறங்கும். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக எங்களை “வாடா, போடா” என்பார். “வாங்க” என்றால் எங்கோ ஒயரை மாற்றி முடுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். “கொஞ்சம் இப்படி வாங்க சாமி” என்று ஒருநாள் என்னை அழைத்தபோது, என்ன தப்பு என்று தெரியாமலே முடுக்கியதையெல்லாம் கழற்றத் தொடங்கினேன்.

மெஷினில் கை வைக்கும் முன் மெயின் போர்டிலிருந்து மூன்று ஃபியூஸ் கேரியர்களையும் பிடுங்குவார். அந்தக் காலத்து வெள்ளைப் பீங்கான் கட்டைகள். சோறு தீர்ந்த தூக்குப்போசியில் மூன்றையும் போட்டு மூடி, வேலை நடக்கிற இடத்துக்கே தூக்கி வருவார். வேலை முடிகிறவரை அது அவர் காலடியில் இருக்கும். அதற்குள் முதலாளியே வந்து அவசரம் என்றாலும் மெஷின் ஓடாது.

மோட்டார் சுவிட்சுகள் அடங்கிய பேனல் பெட்டி ஒன்றை முடித்துவிட்டால் நாங்கள் ஓட்டிக் காட்டுவோம், நிறுத்திக் காட்டுவோம். தலையாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் சரி என்று நாங்கள் நிமிரும்போது, “செரி, இப்ப எல்லாத்தையும் கொல்லு” என்பார். கேரியர்களைப் பிடுங்க வேண்டும். விளக்கு உட்பட ஒன்றும் எரியக் கூடாது. ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படியே விட வேண்டும். பிறகு அவரே கேரியர்களைப் போடுவார். போட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். அந்த நேரத்தில் பேனலுக்குள் ஒரு டக் கேட்டாலும் அந்தப் பேனல் தேறாது.

“கரண்ட் போறப்ப ஒண்ணும் ஆவாதுடா. வர்றப்பத்தான் பாக்கோணும்” என்பார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான்: யாரும் அமுக்காமல் மெஷின் தானாகக் கிளம்பிவிடக் கூடாது. ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும். கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது வந்து பச்சையை அமுக்குகிறவரை மோட்டார் சும்மாதான் இருக்கும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது ஒத்துவராது. மூன்று பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதற்காகக் கிணற்று மேட்டில் காவல் இருக்கவும் முடியாது. ஆகவே பச்சை பட்டனில் ஒரு தீக்குச்சியைச் சொருகிவிடுவார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். என் அப்பா விளக்குமாற்றுக் குச்சி சொருகுவார். பின்னால் இதற்கென்றே ஆட்டோ ஸ்டார்ட்டர் விற்பனைக்கு வந்தது. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓட வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய ஆசை. எனக்கும் அது உண்டு.

ரங்கசாமி ஓய்வு பெற்றார். நான் நான்கைந்து கம்பெனி மாறினேன். வேலையை விடச் சில வருடங்களே இருந்தபோது இந்த மைக்ரோகன்ட்ரோலர் கிறுக்கு என்னைப் பிடித்தது. செல்போனில் வீடியோ பார்த்தே பாதி கற்றேன். மீதியைக் கெடுத்துக் கற்றேன். முதலில் கெடுத்தது என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி செய்தேன். ஒரு குதிரைத்திறன் மோட்டார்தானே என்று கான்டாக்டர் வைக்காமல் ரிலேவிலேயே நேராகக் கொடுத்தேன். ஒன்பது நாள் நன்றாக ஓடியது. பத்தாம் நாள் போர்டு நிறுத்தச் சொன்னது, ரிலே பொருத்திய மாட்யூலில் விளக்கும் அணைந்தது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே ரிலேவின் முனைகள் சூட்டில் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டுவிட்டன. தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டு அம்மா எங்கள் மாடியில் காய வைத்திருந்த மிளகாய் வற்றல் மிதந்து தெருவுக்கு வந்தது. என் மனைவி அந்த போர்டின் பெயரைச் சொல்லாமல் ‘உங்க மொளகா மிஷினு’ என்றே கடைசிவரை சொன்னாள்.

அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கற்றேன். பெரிய மோட்டாருக்குக் கான்டாக்டர் வைத்தேன், அதன் காந்தச் சுருளில் தீப்பொறி அடக்குகிற உறுப்பு வைத்தேன், மாட்யூல் விளக்கை நம்புவதை விட்டேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

கடைசியாக நான் வேலை பார்த்தது ஒரு சின்னச் சாயப் பட்டறையில். பெயர் வேண்டாம். அங்கே பழைய மாதிரி விஞ்ச் மெஷின்கள் நான்கு இருந்தன. நீளமான தொட்டியில் சாயத் தண்ணீர், மேலே சட்டங்கள் வைத்த பெரிய ரீல். துணியைக் கயிறு போல் முடிந்து ரீலில் போட்டுவிட்டால், ரீல் சுற்றச் சுற்றத் துணி தொட்டிக்குள் போய்ப் போய் வரும். நின்றால் வம்பு. துணி ஒரே இடத்தில் கிடந்தால் அங்கே நிறம் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். அந்த லாட் துணி முழுவதுமே போச்சு. அங்கிருந்த ஜெனரேட்டர் பாய்லருக்கு மட்டும்தான் தாங்கும். ஆகவே கரண்ட் போனவுடன் விஞ்ச் ஓட்டுகிறவர்கள் தொட்டி விளிம்பில் சாய்ந்து, துணியைக் கையாலேயே இழுத்து ரீலைச் சுற்ற வைப்பார்கள். கரண்ட் வந்ததும் ஒருவர் ஓடிப்போய், நான்கு விஞ்சுக்கும் பொதுவான பச்சை பட்டனை அமுக்குவார்.

முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தாத்தா காலத்துத் தோட்டம் இன்னும் வைத்திருக்கிறார். என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்.

“ஏனுங்கண்ணா, தோட்டத்துல மோட்டாரு தானா ஓடுதில்லீங்களா? அந்த மாதிரி விஞ்ச்சுக்கும் பண்ணிப்போடலாமுங்களா? கரண்ட் வந்தும் ஆளு ஓடி வர்றதுக்குள்ள துணி கெட்டுப்போவுதுங்க” என்றார்.

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கரண்ட் வருகிற நேரத்தில்தான் எல்லோருடைய கையும் ரீலில் இருக்கும். இதை அவரிடம் சொன்னேன். யோசித்து ஒரு வழியும் சொன்னேன். கரண்ட் வந்ததும் போர்டு முதலில் பத்து விநாடி சைரன் அடிக்கும். எல்லோரும் கையை எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகுதான் ரிலே பிடிக்கும். முதலாளிக்கும் பிடித்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. கரண்ட் இல்லாதபோதும் போர்டு விழித்திருக்க வேண்டும் என்று ஆபீஸ் யூ.பி.எஸ். லைனிலிருந்து அதற்கு ஒயர் இழுத்தேன். விஞ்ச் மெயினை இறக்கி ஏற்றிச் சோதித்தேன். சைரன் அடித்தது, பத்து விநாடி கழித்து ரீல் சுற்றியது. ஆட்களைக் கூப்பிட்டு நான்கு முறை காட்டினேன். எல்லாவற்றையும் கொன்று பார்க்கவில்லை. போர்டுதான் சாகவே சாகாதே என்று நினைத்தேன்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் காலை கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. யூ.பி.எஸ். பேட்டரி தீர்ந்து, பீப் பீப் என்று கத்திவிட்டுப் படுத்துவிட்டது. இரண்டாம் விஞ்சில் நேவி நீலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ்தான் அதன் ஆள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். எங்கள் பட்டறையில் துணியில் திட்டே விழாமல் எடுப்பவன் அவன்தான். அவன் துணியை இழுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. நான் பாய்லர் பக்கம் இருந்தேன். சைரன் கேட்டது. சைரனுக்குள் ஒரு அலறலும் கேட்டது. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பிகாஷின் வலது கை, ரீலுக்கும் அதன் முன்னால் துணியைப் பிரித்துவிடுகிற கம்பிகளுக்கும் நடுவே இருந்தது. சைரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மெயினை இறக்கிவிட்டு ரீலைப் பின்னால் தள்ளிக் கையை எடுத்தோம். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மருத்துவமனையில் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் முதலாளியும் சூப்பர்வைசரும் விசாரித்தார்கள். பட்டறையில் இருந்த ஒவ்வொருவரும் சைரன் கேட்டது என்றார்கள். எனக்கும் கேட்டதுதான். சூப்பர்வைசர் காகிதத்தில் எழுதினார்: சைரன் ஒலித்த பிறகும் கையை எடுக்காதது தொழிலாளியின் கவனக்குறைவு. அந்த வரி நின்றுவிட்டால் பிகாஷுக்கு இங்கே வேலை கிடையாது. கவனக்குறைவால் விரல் போனவன் என்று தெரிந்தால் வேறு பட்டறையிலும் விஞ்ச் பக்கம் விட மாட்டார்கள். காப்பீட்டு ஆபீசிலும் ஆயிரம் கேள்வி வரும்.

முதலாளி என்னைத் தனியே அழைத்தார். “நீங்க பொய் ஒண்ணும் எழுத வேண்டாமுங்கண்ணா. சைரன் இருக்குது, அடிக்குதுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. அடிக்குதில்லீங்க?”

சோதித்துப் பார்த்தேன். அடித்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிகாஷ் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. பத்து விநாடி கொடுத்தும் கையை எடுக்கவில்லையே என்ற கோபம்.

மூன்றாம் நாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். கையில் கட்டு, முகத்தில் தூக்கமில்லை. ஏன் கையை எடுக்கவில்லை என்று அவனிடம் கேட்டேன். இரண்டு வருடத்தில் கற்ற தமிழில் அவன் நிதானமாகப் பதில் சொன்னான்.

“சைரன் பின்னாடி வந்துச்சு அண்ணா. ஃபர்ஸ்ட் ரீல் வந்துச்சு. கை போச்சு. அப்புறம் சைரன் வந்துச்சு.”

வலியில் முன்பின் மறந்திருக்கும் என்று நான் நினைத்தேன். அவனிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த முதுகை இன்று நினைத்தாலும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

வீட்டில் அதே மாதிரி இன்னொரு போர்டு இருந்தது. அதே புரோகிராம். மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டினேன். வழக்கம் போல் போர்டை உயிரோடு வைத்துச் சோதித்தேன், எல்லாம் சரி. அப்போதுதான் ரங்கசாமியின் குரல் ஞாபகம் வந்தது. எல்லாத்தையும் கொல்லு. பிளக்கையே பிடுங்கினேன். டீ குடித்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள முடியாது, பிளக்கைச் சொருக வேண்டுமே. சொருகினேன். டக் என்றது. பல்பு எரிந்தது. இரண்டு விநாடி எரிந்து அணைந்தது. பிறகு சைரன் அடிக்க ஆரம்பித்தது.

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அந்த ரிலே மாட்யூல் தலைகீழ் வகை. போர்டின் காலில் வோல்ட் இருந்தால் விட்டிருக்கும், இல்லாவிட்டால் பிடிக்கும். போர்டு செத்துப் பிழைத்ததும் படிக்கிற முதல் வரிகளில், ‘இந்தக் கால் ரிலேவுக்கு’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் படித்தவுடன் காலில் வோல்ட் இருக்காது, ரிலே பிடித்துவிடும். ‘ரிலேவை விட்டு வை’ என்று சொல்கிற வரியை அதற்கும் முன்னால் எழுதியிருக்க வேண்டும். நான் பின்னால் எழுதியிருந்தேன். போதாததற்கு, இரண்டுக்கும் நடுவே போர்டோடு மாட்டியிருந்த டிஸ்ப்ளேயில் கம்பெனி பெயர் அழகாக வருவதற்கு இரண்டு விநாடி கொடுத்திருந்தேன். அந்த இரண்டு விநாடியும் ரீல் சுற்றும். யூ.பி.எஸ். இருந்த எட்டு மாதமும் போர்டு ஒருமுறைகூடச் சாகவில்லை, ஆகவே அந்த வரிகளை அது மறுபடி படிக்கவே இல்லை. அன்று யூ.பி.எஸ். படுத்தபோதுதான் போர்டு முதன்முதலாகச் செத்தது. பிகாஷ் சொன்ன வரிசை சரி. எல்லோரும் சொன்னதும் பொய்யில்லை, சைரன் அடித்தது. எப்போது அடித்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்தத் தப்பை என்னைத் தவிர யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இரண்டு வரியை இடம் மாற்றிவிட்டால் அது இருந்த அடையாளமே இருக்காது. அன்று மாலை முழுவதும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் என் பேனலால் ஒருவருக்கும் ஷாக்கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

மறுநாள் காப்பீட்டு ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. காலையிலேயே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இப்ப எதுக்குங்கண்ணா இது? உங்க பேருதானுங்களே கெடும்.”

“தப்பு என்னுதுங்க தம்பி. அவனுது இல்லீங்க” என்றேன்.

அதிகாரி வந்ததும் எல்லோரையும் விஞ்ச் அருகே நிற்கச் சொன்னேன். பிகாஷின் கை இருந்த இடத்தில் என் தோள் துண்டைத் தொங்கவிட்டேன். யூ.பி.எஸ்ஸையும் மெயினையும் இறக்கினேன். ஒரு டீ நேரம் காத்திருந்தோம். அதிகாரிக்கு எதற்கு இந்தக் காத்திருப்பு என்று புரியவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டையும் ஒன்றாக ஏற்றினேன். ரீல் துண்டை உள்ளே இழுத்துக் கம்பியோடு சேர்த்து இறுக்கியது. அதன் பிறகு சைரன் அடித்தது. நான் முன்பு கொடுத்த காகிதத்தின் மேல் குறுக்காகக் கோடு போட்டு, இது தவறு, போர்டைச் செய்தவன் நான், தொழிலாளி மேல் குற்றமில்லை என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

முதலாளி சில நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். வரிகளை இடம் மாற்றுவதோடு நான் நிறுத்தவில்லை. தானாக ஓடுகிற ஏற்பாட்டையே எடுத்துவிட்டேன். இப்போது போர்டு சைரன் மட்டும் அடிக்கும். கான்டாக்டருக்குப் போகிற ஒயர் பச்சை பட்டன் வழியாகத்தான் போகிறது. போர்டுக்குக் கிறுக்குப் பிடித்தாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும், ஒரு மனிதர் அமுக்காமல் ரீல் சுற்றாது. துணியில் கொஞ்சம் திட்டு விழுந்தால் விழட்டும் என்று முதலாளியே சொன்னார். அதை அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிகாஷ் ஊருக்குப் போய்விட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தான். விஞ்சுக்கே போகிறேன் என்றான். ஒரு நிபந்தனை வைத்தான். பச்சை பட்டனை அவன்தான் அமுக்குவான், வேறு யாரும் தொடக் கூடாது. சரி என்றார்கள். ஆனால் அந்தப் பட்டன் வளையத்துக்குள் பதிந்து இருக்கிற வகை. விரல் நுனி வேண்டும். இடது கையால் அமுக்கலாமே என்று சூப்பர்வைசர் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை, வலது கட்டை விரலால் முயன்றான், வழுக்கியது. நான் கடைக்குப் போய் உள்ளங்கை அகலத்துக்குக் குடை போன்ற தலை வைத்த பச்சை பட்டனை வாங்கி வந்து மாட்டினேன். அந்தப் பட்டறையில் நான் செய்த கடைசி வேலை அதுதான்.

மாட்டி முடித்ததும் எல்லாவற்றையும் கொன்றோம். காத்திருந்தோம். மெயினை நானே ஏற்றிவிட்டுப் பேனல் அருகே வந்து நின்றேன். டக் சத்தம் இல்லை. சைரன் மட்டும் அடித்து ஓய்ந்தது. பிகாஷ் பட்டனுக்குப் பக்கத்தில் நின்று, “கை, கை” என்று கத்தினான். விஞ்சுகளில் நின்ற மூன்று பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்கள். இது அவர்களுக்குள் முன்பே பேசி வைத்ததாக இருக்க வேண்டும். அவன் ஒவ்வொரு கையாகப் பார்த்து வாய்க்குள் எண்ணினான். எண்ணிவிட்டும் பட்டனை அமுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நானும் இரண்டு கைகளையும் தூக்கினேன். என்னுடையதையும் எண்ணிவிட்டு அவன் பட்டனை அமுக்கினான்.